சீர்ப்பெட்டியில் போன சொட்டு மருந்து

சீதாரத்னம் பின்னியின் வீட்டுக்குள் போய்விட்டு வெறும் வயிற்றோடு வெளியே வந்தவர் யாரும் இல்லை. மின்கணக்கு எடுக்க வருகிறவர்கூட எங்கள் ஊர் முறை வரும் நாளில் தன் வீட்டில் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாராம். கோதாவரிக் கரையில் பிறந்தவர்களுக்கு விருந்தினர் மரியாதை என்பது ஒரு வியாதி. ஆத்ரேயபுரம் பக்கத்தில் அது கொஞ்சம் முற்றிய நிலையில் காணப்படும். பின்னிக்கு அது குணமாகும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பின்னி என்றால் எங்களுக்குச் சின்னம்மா. எனக்கும் அவளுக்கும் ரத்த உறவு ஒன்றும் கிடையாது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் பின்னிதான். மிச்சப் பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். அவள் வீட்டில் எந்தப் பொருளையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அது நம் பின்னாலேயே நம் வீட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் டீ வடிகட்டியைப் பார்த்து வாய் தவறி "நல்லா இருக்கே பின்னி" என்றேன். அன்று முதல் அவர்கள் வீட்டில் துணியில் டீ வடிகட்டினார்கள். நான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் கணவர் சுப்பாராயுடு பாபாயி, அதாவது சித்தப்பா, கால்வாய் மதகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாயை மட்டும் ஓய்வு பெற விடாதவர். "என்னை மட்டும் யாரும் நல்லா இருக்கேன்னு சொல்லல நூகா. அதனாலதான் இன்னும் இந்த வீட்லயே கிடக்கேன்" என்பார்.

பின்னி பூத்தரேக்கு என்ற காகித இனிப்பு செய்கிறவள். கவிழ்த்துப் போட்ட பானையின் அடியில் தென்னமட்டை எரியும். அரிசிப்பாலில் நனைத்த துணியை அந்தப் பானையின் மேல் ஒரு இழுப்பு இழுப்பாள். கண் மூடித் திறப்பதற்குள் காகிதத்தைவிட மெல்லியதாக ஒரு தாள் நிற்கும். அதைக் கிழியாமல் உரித்து எடுத்து அடுக்குவாள். பிறகு நெய்யும் வெல்லமும் வைத்து மடிப்பது அடுத்த வீட்டுப் பெண்களின் வேலை. எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்த வேலைதான் செய்கிறார்கள். நான் தப்பித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே போயும் என்னால் பின்னியிடமிருந்து தப்பிக்க முடியவில்லை.

அவளுடைய இடது கண் போன கதையைச் சொல்லாமல் வலது கண்ணின் கதைக்கு வர முடியாது. அவளுடைய அக்கா ராவுலபாலத்தில் இருக்கிறாள். அவளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. முத்தட்டும் என்று காத்திருந்து, முற்றியதும் போய் எடுத்துவிட்டு வந்தாள். மறுவாரமே அரிசியில் கல் பொறுக்கினாளாம். அந்தக் கதையைப் பின்னி எத்தனை பேரிடம் சொன்னாள் என்று கணக்கில்லை. அதனால் தன் இடது கண் மங்கியபோது அவள் கவலையே படவில்லை. மாங்காய் பழுக்கக் காத்திருப்பதைப் போலக் காத்திருந்தாள். அந்தக் கண்ணில் ஒன்றும் தெரியாமல் போன பிறகு, "முத்திப்போச்சு நூகா, எடுத்துடலாம்" என்று என்னிடம் ஏதோ எனக்கே நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

அது புரை இல்லை. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிப்போகும் நோய். க்ளாக்கோமா என்று டாக்டர்கள் சொல்வது. வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும். நடுப்பார்வையைக் கடைசிவரை தொடாது, அதனால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. வலது கண்ணிலும் அது தொடங்கியிருந்தது. வலது கண்ணில் நிஜமாகவே கொஞ்சம் புரையும் இருந்தது. இரண்டும் ஒரே கண்ணில் இருந்ததுதான் வினை. எங்கள் இளம் டாக்டர் சோமயாஜி படம் வரைந்து, கையை ஆட்டி, வேறு வேறு என்று விளக்கினார். பின்னி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பெரிய படிப்புப் படித்த பிள்ளை வாய் வலிக்கப் பேசும்போது புரியவில்லை என்று சொல்வது மரியாதையா?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆய்வு தொடங்கியது. அழுத்தத்தைக் குறைக்க ஒரு பழைய சொட்டு மருந்து இருக்கிறது, ஒரு புது சொட்டு மருந்து இருக்கிறது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் குப்பி, மேலே ஒரு எண். எந்த எண்ணில் எந்த மருந்து என்று போடுகிறவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆய்வின் அழகே அதுதான் என்பார் டாக்டர். என் வேலை மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்ப்பது, காலிக் குப்பியை வாங்கிக்கொண்டு புதுக் குப்பி கொடுப்பது.

சேரும்போது ஒப்புதல் பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. நான் பின்னிக்கு வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் எனக்கு ஏதாவது ஒன்று தட்டில் வந்தது. கண் சிவக்கலாம், கண்ணைச் சுற்றித் தோல் கறுக்கலாம், இமைமயிர் நீளமாக வளரலாம், ஒருவர் மருந்தை இன்னொருவர் போடவே கூடாது. இவ்வளவு வாசித்ததில் அவள் மனதில் தங்கியது இமைமயிர் மட்டும். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று.

இரண்டாம் மாதமே அது வளர்ந்தது. இடது கண்ணுக்கு மருந்து போட்டுப் பயனில்லை என்பதால் வலது கண்ணுக்கு மட்டும்தான் கொடுத்திருந்தோம். அறுபதை நெருங்குகிற பெண்மணிக்கு ஒரு கண்ணில் மட்டும் சினிமாக்காரி இமை. பாபாயிக்குக் கேட்கவா வேண்டும். "வலது பக்கமா பாத்தா கல்யாணப் பொண்ணு. இடது பக்கமா பாத்தா எங்க மாமியார். நான் எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு நீயே சொல்லு" என்று என்னைக் கேட்டார். பின்னி பானையடியில் இருந்த மட்டையை இழுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

ஆய்வின் அழகு எங்கள் ஊரில் ரொம்ப நாள் நிற்கவில்லை. யாருக்கு இமை வளர்ந்ததோ அவர்களுக்குப் புது மருந்து என்று பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொண்டார்கள். இமை வளராத தேங்காய் வியாபாரி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்கு மீசை இருக்கிற தைரியத்தில் இமை வளர்ந்தாலும் சமாளித்துக்கொள்வதாகவும், அந்தக் குப்பியே வேண்டும் என்றும் கேட்டார். மாவட்டத்திலேயே அது தெரியாத ஒரே மனிதர் டாக்டர் சோமயாஜிதான். தெரிந்துவிடக் கூடாதே என்று நோயாளிகளின் இமையைப் பார்க்காமல் கண்ணை மட்டும் பார்க்க அந்தப் பிள்ளை பட்ட பாடு கொஞ்சமில்லை.

புது மருந்தோ பழைய மருந்தோ, பின்னிக்கு அது நன்றாகவே கேட்டது. அழுத்தம் இறங்கியது. அப்படியே விட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலை எனக்கு இருந்திருக்காது.

பின்னியின் கடைசி மகள் ஹைமவதிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா ராஜ்யலட்சுமி அம்மாள், எதிலும் குறை கண்டுபிடிப்பதில் பேர் போனவர். நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர் இலை போட்ட வரிசையிலிருந்து பூச்சரத்தின் நெருக்கம்வரை எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பின்னி தவித்துப் போனாள். அவர் எதையாவது பாராட்டினால்தானே இவள் எடுத்துக் கொடுக்க முடியும்? மோரைப் பாராட்டியிருந்தால் மாட்டையே பிடித்துக் கட்டிவிட்டிருப்பாள். கடைசியில் விடைபெறும்போது சம்பந்தியம்மாள், வதினா என்று அண்ணி முறை வைத்து அழைத்து, பின்னியின் முகத்தருகே குனிந்தார்.

"உங்க இமை ரொம்ப நல்லா இருக்கு வதினா. என்ன போடுறீங்க?"

நானும் அங்கே பாயசக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். பின்னியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். கல்யாணம் உறுதியான நிம்மதி என்று நினைத்துப் பாயசத்தைக் குடித்தேன்.

வைகாசியில் நிச்சயம், மாசியில் கல்யாணம். இடையில் பண்டிகைக்குப் பண்டிகை, பண்டிகை இல்லாத மாதத்தில் ஏதாவது சாக்கில், சம்பந்தி வீட்டுக்குப் பூத்தரேக்குப் பெட்டி போனது. திரும்பி வரும்போது அதே பெட்டி நிறைய உளுந்து மாவில் பிடித்த சுண்ணுண்டையோ முறுக்கோ வந்தது. எங்கள் பக்கத்தில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம்.

அந்த மாதங்களில் பின்னியின் கண் அழுத்தம் ஏறத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு நிறைய. மருந்தைத் தவறாமல் போடுகிறாயா என்று கேட்டேன். "மருந்தை வீணாக்குவேனா நூகா?" என்று காலிக் குப்பியை எடுத்து நீட்டினாள். குப்பி சுத்தமாகக் காலிதான். பார்வைப் பரப்பைச் சோதிக்கும் கருவியில் உட்கார வைத்தோம். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் நேராகப் பார்த்துக்கொண்டு, ஓரங்களில் வெளிச்சப் பொட்டு மின்னும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்குப் பொத்தான் பரீட்சை என்று பெயர். அதில் கீழ்ப்பக்கத்துப் பொட்டுகளில் நிறைய அவள் கண்ணில் படவில்லை. குளிர்ச்சியான அறையில் தூங்கிவிட்டேன் என்றாள். வரும் வழியில் மரநாற்காலியில் இடித்துக்கொண்டாள். நாற்காலியைப் போட்டவனைத் திட்டினாள்.

இமைமயிரும் பழையபடி குட்டையாகிவிட்டது. அதை முதலில் கவனித்தவர் பாபாயி. "ரெண்டு பக்கமும் மாமியார் வந்துட்டாங்க" என்றார்.

டாக்டர் சோமயாஜிக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அவர் கெட்டவர் இல்லை. நோயாளிக்கு அழுத்தம் ஏறினால் வருத்தப்படுகிறவர்தான். ஆனால் வருத்தத்துக்கு அடியில் ஒரு கட்டுரை துளிர்விட்டால் எந்த டாக்டரால் தாங்க முடியும்? நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்து சில மாதத்தில் உடம்புக்குப் பழகிப்போய் வேலை செய்யாமல் போகிறது, இதை யாரும் இப்படிப் பார்த்ததில்லை என்றார். விசாகப்பட்டினத்தில் நடக்கவிருந்த கூட்டத்தில் காட்டப் படம் தயாரித்தார். பின்னியின் அழுத்தம் ஒரு கோடாக இறங்கி, பிறகு மலைபோல ஏறும். ஏறும் இடத்தில் ஒரு சிவப்பு அம்பு. அந்த அம்பை எனக்கு மூன்று விதமாகப் போட்டுக் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்.

பின்னிக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "இது புரைம்மா. கல்யாணம் முடியட்டும், அக்கா மாதிரி உரிச்சுப் போட்டா எல்லாம் திரும்பி வந்துடும்." நான் மறுத்துப் பேச வாயைத் திறந்ததும், பானையின் மேல் துணியை இழுத்து, தாளை உரித்து, என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அதன் வழியாக அவள் சிரிப்பது தெரிந்தது. "கண்ணு தெரியாதவ இதை உரிப்பாளா?" நடுப்பார்வை நன்றாக இருக்கிறவள் உரிப்பாள். உரித்து வைத்துவிட்டு எழுந்தவள் கால்மாட்டில் இருந்த கூடையைப் பார்க்காமல் உதைத்தாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கார்த்திகை மாதத்தில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டோம். வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு ராஜ்யலட்சுமி அம்மாள் நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. கண்ணைச் சுற்றி மை பூசியது போலக் கறுத்திருந்தது. இமை மட்டும் இரண்டு கண்ணிலும் விசிறி போல விரிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கறுப்புப் போக வேண்டும் என்றார். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வெள்ளைக் குப்பி. மேலே எங்கள் எண். அந்த எண்ணை மாதாமாதம் என் கையாலேயே பின்னிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி வீட்டுச் சீர்ல வருது" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே. பூத்தரேக்குக்கு நடுவில் வெற்றிலை மடித்து அதற்குள் வைத்து அனுப்புவார்களாம். காலிக் குப்பியை மட்டும் திருப்பித் தரச் சொன்னார்களாம். இவரும் ஒருமுறைகூடத் தவறாமல் சுண்ணுண்டைக்கு நடுவில் வைத்துத் திருப்பி அனுப்பினாராம்.

எனக்கு வந்த கோபத்தில் யார் சம்பந்தி, யார் பெரியவர் என்பதெல்லாம் மறந்துபோனது. "இது இமைக்குப் போடுற மை இல்லீங்க. இது அவங்க கண்ணு. மிச்சம் இருக்கிற ஒரே கண்ணு" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ராஜ்யலட்சுமி அம்மாள் குப்பியை எடுத்துப் பார்த்தார். அதில் அடியில் ஈரம்கூட இல்லை. பிறகு எழுந்து, நாள் பார்க்காமல், முன்கூட்டிச் சொல்லி அனுப்பாமல், வெறுங்கையோடு, எங்கள் ஊருக்குப் புறப்பட்டார். ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன்.

கூப்பிடாமல் சம்பந்தி வாசலில் வந்து நிற்பதைக் கண்டதும் பின்னிக்கு உயிர் போய் உயிர் வந்திருக்க வேண்டும். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தாளாம். ஆனாலும் கால் தானாகச் சமையலறைக்குத்தான் ஓடியது. நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். குப்பியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் மாதம் பாதிப் பாதியாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாளாம். ஆனால் சீரில் யாராவது பாதிக் குப்பி வைப்பார்களா? அதனால் முழுக் குப்பியாகவே வைத்தாளாம். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சம்பந்தியம்மாள் கேட்டார்.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே வதினா" என்றாள் பின்னி. "எங்க வீட்ல நீங்க நல்லா இருக்குன்னு சொன்னது அது ஒண்ணுதான். சொன்னப்புறம் நான் எப்படி வெச்சுக்கிறது?"

பிறகு என் பக்கம் திரும்பி, நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று சமாதானம் சொன்னாள். கொஞ்சம் மங்கல்தானே, புரையை எடுத்தால் வந்துவிடும், அக்காவுக்கு வரவில்லையா என்றாள். இந்த அக்கா கதையை நான் அதுவரை எத்தனையோ முறை பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். அன்று முடியவில்லை.

"வராது பின்னி. புரை வேற, இது வேற. இதுல போனது போனதுதான். உலகத்துல எந்த டாக்டராலயும் திருப்பித் தர முடியாது. இருக்கறதைக் காப்பாத்தத்தான் அந்த மருந்து."

பாபாயி தொலைக்காட்சியை நிறுத்தினார். பின்னி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இடது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாக அவள் அந்த இடது கண்ணையும் போனதாகக் கணக்கில் வைக்கவில்லை. என்றைக்காவது உரித்துப் போட்டால் வந்துவிடும் என்று எடுத்து வைத்திருந்தாள். டாக்டர் படம் வரைந்ததும் நான் பத்திரம் வாசித்ததும் எல்லாம் அவள் முன்னால் வைத்த தட்டில் அப்படியே மிச்சம் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. முந்தானையால் அந்தப் பார்வையில்லாத கண்ணைத்தான் முதலில் துடைத்துக்கொண்டாள்.

ராஜ்யலட்சுமி அம்மாள் காலிக் குப்பியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். "வந்த பாத்திரத்தை எங்க வீட்ல வெறுமனே திருப்பிக் கொடுத்தது கிடையாது" என்றார். "இதுல எதைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன் வதினா?"

அவர் திருப்பிக் கொடுத்த விதம் இரண்டு ஊருக்கும் பேச்சாகிவிட்டது. மறுநாளிலிருந்து தினமும் விளக்கு வைத்ததும் மகனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டுக்குத் தினம் வருவதா என்று அவர்கள் பக்கத்து உறவுகள் மூக்கில் விரலை வைத்தன. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் கொடுத்த புதுக் குப்பியை எடுத்து, பின்னியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ஒரு சொட்டு விடுவார். பின்னி கூச்சத்தில் நெளிந்தால், "ஆடாதீங்க. சம்பந்தின்னு பாக்க மாட்டேன்" என்று அதட்டுவார். மகன் வெளியே வண்டியில் சாய்ந்தபடி ஹைமவதி எந்த ஜன்னலில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பான். இந்த ஏற்பாட்டில் முழு லாபம் அடைந்தவன் அவன் ஒருவன்தான்.

ஆனால் பின்னியின் வியாதி சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்த சம்பந்தியைக் கை நனைக்காமல் அனுப்ப அவளால் முடியுமா? ஒரு சொட்டு மருந்துக்கு ஒரு தட்டு பலகாரம் என்று கணக்கு ஓடியது. மார்கழி பிறப்பதற்குள் ராஜ்யலட்சுமி அம்மாளின் கல்யாண ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. "மருந்து எங்க வீட்டுக் கண்ணுக்கு, பக்கவிளைவு உங்களுக்கு" என்றார் பாபாயி. அந்த நாளுக்குப் பிறகு வாயடைத்துக் கிடந்தவர் மறுபடி பேசத் தொடங்கியதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

டாக்டர் சோமயாஜியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் அந்தச் சிவப்பு அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே அழித்தார். படிவத்தில், மருந்து போடாததற்குக் காரணம் என்ற இடத்தில் மறதி, காய்ச்சல், பயணம் என்று கட்டங்கள் இருக்கும். அதில் எதுவும் பொருந்தாமல், இதர காரணம் என்ற கட்டத்தில் சம்பந்தி என்று எழுதி அனுப்பினார். தலைமையிடத்திலிருந்து போன் செய்து, அது எந்த உறுப்பில் வரும் நோய் என்று கேட்டார்களாம். பின்னியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். எடுக்க மாட்டோம், நடந்ததை நடந்தபடியே கணக்கில் வைத்தால்தான் அது ஆய்வு என்றார் டாக்டர். அன்று அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அழுத்தம் மறுபடி இறங்கியதும், மார்கழியில் வலது கண்ணின் புரையை எடுத்தார்கள். கட்டுப் பிரிக்கும்போது நாங்கள் எல்லோரும் நின்றோம். பின்னி கண்ணைத் திறந்தாள். டாக்டரின் சட்டை நிறத்தைச் சொன்னாள், சுவரில் இருந்த பல்லியைச் சொன்னாள், பாபாயிக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா என்று கேட்டாள். எல்லாம் பளிச்சென்று இருந்தது. பிறகு தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் கீழே, பக்கத்தில் என்று ஓட்டினாள். எதையோ தேடுவது போல இருந்தது.

"புரையை எடுத்துட்டீங்க டாக்டர்காரு. அந்த ஓரத்தை எங்க வெச்சீங்க?"

கேலியாகத்தான் கேட்டாள். டாக்டர் சிரிக்க முயற்சி செய்தார். முடியவில்லை. அவள்தான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தாள்.

கல்யாணம் மாசியில், காலை முகூர்த்தம். கன்னியாதானத்தின்போது பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். அம்மா செம்பிலிருந்து நீர் ஊற்ற, அப்பா கழுவுவார். மாப்பிள்ளை தட்டில் காலை வைத்து உட்கார்ந்திருந்தான். பந்தல் முழுக்கக் கண். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் முன்வரிசையில் குறை தேடி உட்கார்ந்திருந்தார்கள். பின்னி செம்பைச் சாய்த்தாள். மேளக்காரர் தெரிந்தார், மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. கீழே இருந்த தட்டுத்தான் அவள் பார்வையில் இல்லாத ஓரத்தில் இருந்தது. நீர் தட்டுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, பாயில் விழுந்தது.

யாரோ ஒரு பெரியவர் உச்சுக் கொட்டினார். பாபாயி கையை நீட்டியபடி என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்திருந்தார். அப்போது ராஜ்யலட்சுமி அம்மாள் எழுந்து வந்தார். பட்டுப்புடவை ஈரமாவதைப் பார்க்காமல் மணையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மகனின் காலோடு சேர்த்துத் தட்டை நீருக்கு அடியில் நகர்த்தினார். மாப்பிள்ளையின் அம்மா அப்படிச் செய்து நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. நீர் சரியாகத் தட்டில் விழுந்தது. எழுந்திருக்காமல் அப்படியே தலையைத் தூக்கி, மணையில் இருந்த ஹைமவதியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"உங்க பொண்ணு ரொம்ப நல்லா இருக்கா வதினா."

பின்னிக்குப் புதிதாக வளர்ந்திருந்த அந்த வலது இமை ஈரமாகிவிட்டது. பிறகு சிரித்தாள்.

"சொல்லிட்டீங்கல்ல, கூட்டிட்டுப் போங்க. ஆனா சாயங்காலம் மருந்து போட வந்துடணும்."

அன்று மாலை மருமகளுக்கு ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் அழைத்துப்போன கையோடு, தட்டைக்கூடக் கழுவி வைக்காமல், ராஜ்யலட்சுமி அம்மாள் யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி வந்து சேர்ந்தார்.